ஆச்சியிடம் கேளுங்கள்: நறுக்கிய பழமும் சித்திரை வெயிலும்

வெயில் ஏறத் தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஃப்ரூட் சாலட்டைப் பற்றியவையாகவே இருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

வணக்கம் ஆச்சி. மாலை ஐந்து மணிக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தால், மூன்று மணிக்கே பழங்களை நறுக்கிச் சர்க்கரை கலந்து வைத்துவிடுகிறேன். பரிமாறும் நேரத்தில் ஆப்பிளும் வாழைப்பழமும் கறுத்துப்போய், கிண்ணத்தின் அடியில் தண்ணீர் விட்டிருக்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, தேவகோட்டை

தாங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் குறைகள். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

முதலில் கறுப்பதைப் பார்ப்போம். ஆப்பிள், வாழை, கொய்யா போன்ற பழங்களின் சதையில் பாலிபீனால்கள் என்னும் துவர்ப்புச் சத்துகள் ஓரிடத்திலும், பாலிபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி (என்சைம்) வேறோரிடத்திலும் இருக்கின்றன. கத்தி பட்டு உயிரணுக்கள் உடைந்தவுடன் இரண்டும் கலந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பு நிறத்தை உண்டாக்குகின்றன. ஆகவே எத்தனை உயிரணுக்கள் உடைகின்றனவோ அத்தனைக்குப் பழம் கறுக்கும். மழுங்கிய கத்தி சதையை நசுக்கிக்கொண்டே இறங்குவதால், கூரிய கத்தியால் வெட்டிய துண்டைவிட அதன் துண்டு விரைவில் நிறம் மாறும். நம் வீடுகளில் இன்னும் இருக்கும் பழைய இரும்பு அரிவாள்மனை காய்க்கு நன்று, பழத்துக்கு ஆகாது. இரும்பு பட்ட இடத்தில் பழத்தின் துவர்ப்புச் சத்து கருநீலமாக மாறுவதை வாழைக்காய் நறுக்கும்போதே கவனித்திருப்பீர்கள்.

நொதிக்குப் புளிப்பு ஆகாது. அதனால்தான் எலுமிச்சைச் சாறு உதவுகிறது. அதிலுள்ள வைட்டமின் சி ஏற்கனவே தொடங்கிவிட்ட மாற்றத்தையும் பின்னுக்கு இழுக்கிறது. ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து, ஆப்பிள் துண்டுகளை ஐந்து நிமிடம் ஊறவிட்டு வடித்துவிடுங்கள். எலுமிச்சையின் வாடை பிடிக்காதவர்கள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு என்ற அளவில் கரைத்து, அதே ஐந்து நிமிடம் வைத்து, நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசலாம், உப்புக் கரிக்காது.

ஆனால் எனக்கு இந்த ஊறவைக்கும் வேலையே அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பாத்திரத்தில் பழங்கள் விழும் வரிசையை மாற்றினால் போதும். முதலில் கமலா ஆரஞ்சையோ சாத்துக்குடியையோ சுளை உரித்து, கொட்டை நீக்கி, கையால் இலேசாகப் பிய்த்துப் போட்டு அடியில் கொஞ்சம் சாறு நிற்கும்படி செய்துகொள்ளுங்கள். ஆப்பிளை நறுக்க நறுக்க நேராக அந்தச் சாற்றுக்குள் தள்ளிப் புரட்டிவிடுங்கள். அதற்கு மேல் திராட்சை, பிறகு மாதுளை முத்து. மாம்பழம் பரிமாறுவதற்கு அரை மணிக்கு முன்பு வந்தால் போதும். வாழைப்பழத்தை மட்டும் விருந்தாளிகள் முகப்பில் செருப்பைக் கழற்றும்போது உரித்தால் சரியாக இருக்கும். அதிலும் நன்றாகக் கனிந்து குழைந்த பழம் வேண்டாம். தோலில் மஞ்சள் முழுதாக ஏறி, காம்பு இன்னும் உறுதியாக இருக்கும் ரஸ்தாளியோ செவ்வாழையோ துண்டு துண்டாக நிற்கும்.

இனித் தண்ணீர் விடுவது. அதற்குக் காரணம் தாங்கள் மூன்று மணிக்கே கலந்த சர்க்கரைதான். நறுக்கிய பழத்தின் மேல் சர்க்கரை விழுந்தால், அது பழத்துக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். துண்டு சுருங்கும், அடியில் சாறு தேங்கும். சர்க்கரையோ தேனோ பரிமாறும்போது மேலே தூவினால் போதும். சாத்துக்குடிச் சாறும் நல்ல மாம்பழமும் இருக்கிற சாலட்டுக்குச் சர்க்கரையே எதற்கு என்பது என் கட்சி. தர்பூசணி தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் நீர்தான் என்பதால், சர்க்கரை படாவிட்டாலும் அது தண்ணீர் விடவே செய்யும். அதைத் தனிக் கிண்ணத்தில் வைத்துக் கடைசியில் சேருங்கள். கழுவிய திராட்சையையும் ஆப்பிளையும் துணியால் ஈரம் போகத் துடைத்தபின் நறுக்குங்கள். அடியில் நிற்கும் தண்ணீரில் ஒரு பங்கு, நாம் துடைக்காமல் விட்ட தண்ணீர்தான்.

கஸ்டர்டு காய்ச்சும்போது கெட்டியாக இருக்கிறது, மறுநாள் நீர்த்துப்போய்விடுகிறது. பப்பாளி போட்ட அன்று கசக்கவும் செய்தது. பால் கெட்டதா, பவுடர் கெட்டதா? மேலும், எங்கள் அப்பத்தா முட்டை சேர்ப்பதில்லை. கஸ்டர்டு பவுடரில் முட்டை உண்டா?
— வாசகி, பள்ளத்தூர்

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், அப்பத்தா காத்திருப்பார்கள். கஸ்டர்டு பவுடரை 1837 ஆம் ஆண்டில் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் உருவாக்கியதே, முட்டை ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காகத்தான். சோளமாவும் மணமும் நிறமுமே அதில் முக்கியம். பெட்டியின் மேல் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பாலும் கெடவில்லை, பவுடரும் கெடவில்லை. பப்பாளியில் பப்பெய்ன் என்றொரு நொதி இருக்கிறது. காயின் பாலில் அது மிகுதி. பழுத்தபின் குறைந்தாலும் முற்றிலும் போய்விடுவதில்லை. அது பாலிலுள்ள புரதத்தைச் சிறு சிறு கூறுகளாக அறுக்கும்போது, அவற்றுள் சில கசக்கின்றன. அன்னாசியிலுள்ள புரோமெலைனும் இதே வேலையைச் செய்வதோடு, அன்னாசியின் புளிப்பு பாலைத் திரியவும் வைக்கும். கலந்து உடனே சாப்பிட்டால் தெரியாது. ஒரு மணி நேரம் நின்றால் தெரியும். கஸ்டர்டில் பப்பாளியை விட்டுவிடுவது நல்லது. அன்னாசி வேண்டுமென்றால், சிறு துண்டுகளாக்கி, இரண்டு கரண்டிச் சர்க்கரையும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேருங்கள். சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும். டின்னில் வரும் அன்னாசி ஏற்கனவே வெந்தது என்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

கஸ்டர்டு நீர்த்துப்போவதற்குப் பழம் விடும் சாறு ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொன்னால் வீட்டில் சிலர் கோபித்துக்கொள்வார்கள்: இனிப்புப் பார்த்த கரண்டியையே திரும்பப் பாத்திரத்தில் விடுவது. நம் உமிழ்நீரில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. எச்சில் கரண்டி ஒரு முறை புகுந்தாலும், சோளமாவால் கெட்டிப்பட்ட கஸ்டர்டு மெல்ல மெல்ல இளகத் தொடங்கும். எச்சில் பண்ணாதே என்று நம் பெரியவர்கள் அடுப்படியில் அதட்டியதற்கு இந்த இடத்தில் வேதியியலும் துணை நிற்கிறது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சுவை பாருங்கள்.

அளவைப் பொறுத்தவரை, அரை லிட்டர் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி பவுடர் போதும். ஆறிய பாலில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் பாலில் ஊற்றி, கைவிடாமல் கிளறி, குமிழ் வெடித்த பின்னும் ஒரு நிமிடம் அடுப்பில் வைத்திருக்க வேண்டும். அரைவேக்காட்டில் இறக்கினால் மாவு வாடையும் அடிக்கும், மறுநாள் நீரும் பிரியும். கஸ்டர்டைத் தனியாக மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கும். பழத்தோடு கலந்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

ஜெலட்டினுக்குப் பதில் கடல்பாசியில் பழங்களை உறையவைக்கலாமா?
— வாசகி, புதுவயல்

தாராளமாக வைக்கலாம். ஜெலட்டின் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் புரதம் என்பதால், பச்சை அன்னாசி அதை உறையவே விடாது. கடல்பாசிக்கு அந்தக் கவலை இல்லை; கொதித்து முழுதாகக் கரைந்தபின் ஆறினாலே உறைந்துவிடும், ஃப்ரிட்ஜ் கூடத் தேவையில்லை. மிகவும் புளிப்பான சாற்றை அதோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் மட்டும் பிடிப்புக் குறையும். ஆகவே பாசியைத் தண்ணீரில் காய்ச்சி இறக்கிய பிறகு சாற்றைச் சேருங்கள்.

வைகாசியில் கானாடுகாத்தானில் எங்கள் மாமனாருக்குச் சாந்தி (வயது நிறைவு விழா) வைத்திருக்கிறோம். மதிய விருந்துக்கு இருநூறு பேர் வருவார்கள். சமையற்காரர் முதல் நாள் இரவே பழம் நறுக்கி வைத்துவிடலாம் என்கிறார். பாட்டியம்மா சீதனமாகக் கொண்டுவந்த பித்தளை அண்டா இருக்கிறது, அதில் கலக்கலாமா?
— வாசகி, காரைக்குடி

இரண்டும் வேண்டாம் என்பதே என் விடை. காரணங்களைச் சொல்கிறேன்.

ஈயம் பூசாத பித்தளையிலோ செம்பிலோ புளிப்பான பழத்தை வைத்தால் செம்பு அதில் இறங்கும். சுவை கெடும், வயிற்றைப் புரட்டும், வைட்டமின் சி விரைவாக அழியும். அண்டாவில் உட்புறம் ஈயம் புதிதாகப் பூசியிருந்தாலும், கரண்டி உரசும் இடத்தை நம்ப முடியாது. பட்டாலை அலமாரிகளில் இருக்கும் பழைய மங்கு, அதாவது எனாமல் பூசிய இரும்புச் சாமான்களும் பார்ப்பதற்கு அழகு, ஆனால் விளிம்பு பெயர்ந்தவற்றில் இரும்பு வெளியே தெரியும், பழைய காலத்து வண்ணப் பூச்சுகளில் காரீயமோ காட்மியமோ இருந்திருக்கவும் கூடும். பாட்டியம்மாவின் அண்டாவுக்கு வேறு வேலை கொடுப்போம்: அதில் பனிக்கட்டியை உடைத்து நிரப்பி, நடுவில் மூடியோடு கூடிய எவர்சில்வர் தூக்கை இறக்கி வையுங்கள். கடையில் பாளமாக விற்கும் பனிக்கட்டி எந்தத் தண்ணீரில் செய்தது என்று நமக்குத் தெரியாது. அது வெளியேதான் இருக்க வேண்டும், ஒரு சில்லு கூடச் சாலட்டுக்குள் விழக்கூடாது.

முதல் நாள் இரவு நறுக்குவதைப் பற்றி. எலுமிச்சை, ஆரஞ்சு, அன்னாசி போன்றவற்றின் புளிப்பே அவற்றுக்கு ஓரளவு காவல். முலாம்பழம், தர்பூசணி, பப்பாளி ஆகிய மூன்றுக்கும் புளிப்பு மிகக் குறைவு. நறுக்கிய துண்டில் சர்க்கரையும் ஈரமும் தாராளமாக இருப்பதால், கிருமிக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. அந்தக் கிருமி பழத்தின் உள்ளே பிறப்பதும் இல்லை. மண்ணில் கிடந்த முலாம்பழத்தின் சொரசொரப்பான தோலில் ஒட்டிக்கொண்டிருந்து, கழுவாமல் வெட்டும்போது கத்தியோடு சேர்ந்து சதைக்குள் போகிறது. அமெரிக்காவில் 2011 இல் முலாம்பழத்தின் வழியாக லிஸ்டீரியா என்ற கிருமி பரவிப் பலர் இறந்தார்கள் என்பதை நினைவில் வைத்தால், தோலைத்தானே எறியப்போகிறோம் என்று யாரும் கழுவாமல் விடமாட்டார்கள். ஓடும் தண்ணீரில் தூரிகையால் தேய்த்துக் கழுவி, துடைத்து, அதன் பிறகே கத்தி வைக்க வேண்டும்.

நறுக்கிய பழம் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்பது பொது விதி. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அது ஒரு மணி நேரமாகக் குறையும். வைகாசி மதியத்தில் கானாடுகாத்தான் வெயில் 32 டிகிரியில் நிற்காது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் இரவே நறுக்கினால், இருபது கிலோ பழத்தை நான்கைந்து டிகிரியில் வைத்திருக்கும் குளிர்சாதன வசதி வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜில் இத்தனையையும் திணித்தால், நடுவில் இருக்கும் பழம் குளிர்வதற்கே விடிந்துவிடும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதல் நாள் மாலை பழங்களைக் கழுவித் துடைத்து, மாதுளையை உதிர்த்து, திராட்சையைக் காம்பு நீக்கி, அன்னாசியைப் பாகில் வேகவைத்து, கஸ்டர்டு உண்டென்றால் அதையும் காய்ச்சிச் சிறு பாத்திரங்களில் ஆழமில்லாமல் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். விருந்தன்று பந்தி தொடங்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது, நான்கு பேர் உட்கார்ந்து ஆப்பிளும் முலாம்பழமும் மாம்பழமும் நறுக்கி, நறுக்கியதை உடனுக்குடன் பனிக்கட்டிக்குள் இருக்கும் தூக்கில் போடட்டும். இறைச்சியோ மீனோ நறுக்கிய பலகை பக்கத்தில் வரக்கூடாது. முதல் பந்திக்கு வேண்டியதை மட்டும் கலந்து, அடுத்த பந்திக்குப் புதிதாகக் கலக்குங்கள்.

அளவு: விருந்தில் மற்ற இனிப்புகளும் இருப்பதால் ஆளுக்கு 100 கிராம் போதும். இருநூறு பேருக்கு 20 கிலோ சுத்தம் செய்த பழம் ஆகும். தோலும் கொட்டையும் கழிவும் போகும் என்பதால் 32 கிலோவுக்குக் குறையாமல் வாங்குங்கள். அன்னாசியும் தர்பூசணியும் மிகுதியாகச் சேர்த்தால் இன்னும் கூடும்.

பழநியிலிருந்து கொண்டுவரும் பஞ்சாமிர்தம் பல நாள் கெடாமல் இருக்கிறது. அதிலும் வாழைப்பழம்தானே இருக்கிறது? நம் வீட்டுச் சாலட் மட்டும் ஏன் ஒரு நாளைக்குத் தாங்குவதில்லை?
— வாசகர், குன்றக்குடி

குன்றக்குடியிலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தம்தான். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் பழநிக்கு நடையெடுப்பதைப் பார்த்து வளர்ந்த ஊர் அல்லவா?

பஞ்சாமிர்தத்தில் தண்ணீர் ஒரு சொட்டும் சேர்ப்பதில்லை. மலை வாழைப்பழமான விருப்பாட்சியில் இயல்பிலேயே ஈரம் குறைவு. அதோடு சர்க்கரை, தேன், கற்கண்டு, பேரீச்சை, நெய் எல்லாம் சேர்ந்து பிசையப்படுகின்றன. கிருமியோ பூஞ்சையோ வளர்வதற்குத் தண்ணீர் வேண்டும். அவ்வளவு சர்க்கரை இருக்கும் இடத்தில் இருக்கிற கொஞ்சம் தண்ணீரையும் சர்க்கரை பிடித்துக்கொள்வதால், கிருமிக்கு எட்டுவதில்லை. முன்பு தேவகோட்டை வாசகிக்கு எந்தச் சர்க்கரையைக் குறை சொன்னேனோ, அதே சர்க்கரை இங்கே காவலாக நிற்கிறது. இரண்டு கரண்டி போட்டால் நீரை வெளியே இழுப்பதோடு நின்றுவிடும். பழத்துக்கு ஈடாகப் போட்டால்தான் கெடாமல் காக்கும். 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதத்தைச் சாலட்டோடு சேர்த்துப் பேசக் கூடாது. அது நாள் கடந்து நிற்பதற்கென்றே கிண்டியது. சாலட்டோ பழத்தின் புதுமையைச் சாப்பிடுவதற்காகச் செய்வது. சாலட் நெடுநாள் இருக்க வேண்டுமென்று அதில் பஞ்சாமிர்த அளவுக்குச் சர்க்கரையைக் கொட்டினால், கிடைப்பது இரண்டும் கெட்டான்.

மகளின் பள்ளி டிபன் பெட்டியில் பழம் வைத்தால் அப்படியே திரும்பி வருகிறது. பதினொன்றரை மணி இடைவேளை வரை தாங்கும்படி என்ன வைக்கலாம்?
— வாசகி, கோட்டையூர்

முழுத் திராட்சை, உரித்த ஆரஞ்சுச் சுளை, மாதுளை முத்து. ஆப்பிள்தான் கேட்கிறாள் என்றால், நான்காக வெட்டி நடுத்தண்டை நீக்கி, உப்புத் தண்ணீரில் தோய்த்துத் துடைத்து, மறுபடியும் முழு ஆப்பிளாகச் சேர்த்து ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுவிடுங்கள்; வெட்டிய முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் காற்று புகாது. வாழைப்பழத்தை உரிக்காமல் கொடுத்தனுப்புவதே முறை. பெட்டி அலுமினியமாக இருக்க வேண்டாம்.

ஃப்ரிட்ஜில் வைத்த சாலட்டில் வெங்காய வாடை அடிக்கிறது; அடிக்கடி கரண்டும் போகிறது. என்ன செய்வது?
— வாசகி, ஆத்தங்குடி

காற்றுப் புகாத மூடியுள்ள கண்ணாடி டப்பாவில் வையுங்கள். தட்டைப் போட்டு மூடுவது மூடுவதாகாது. நறுக்கிய வெங்காயத்தையும் கருவாட்டையும் ஃப்ரிட்ஜிலிருந்து வெளியேற்றுவது வீட்டாரின் ஒற்றுமையைப் பொறுத்தது. மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். திறக்காத ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம் வரை குளிரைப் பிடித்துவைக்கும். அதற்கு மேல் போனால் நறுக்கிய பழத்தையும் கஸ்டர்டையும் தூக்கிப் போட்டுவிடுவதே நல்லது.

மாம்பழம் கல் வைத்துப் பழுத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், பொன்னமராவதி

கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. கால்சியம் கார்பைடு என்னும் அந்தக் கல்லை வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. எத்திலீன் வாயுவை வரையறுத்த அளவில் பயன்படுத்த அனுமதி உண்டு. மேல் தோல் ஒரே சீராக மஞ்சளாகவும், வெட்டினால் உள்ளே வெளிறிப் புளிப்பாகவும், மணமே இல்லாமலும் இருந்தால் ஐயப்படலாம். பங்குனித் தொடக்கத்திலேயே மாம்பழம் வாங்க ஆசைப்படாமல் இருப்பதும், வாங்கியதை நன்றாகக் கழுவித் தோல் சீவிச் சாப்பிடுவதுமே நம்மால் முடிந்த காவல்.

வடகாட்டுப் பலாவும் மாம்பழமும் மலிந்து கிடக்கும்போது நறுக்கி ஃப்ரீசரில் வைத்து, ஐப்பசியில் சாலட் செய்யலாமா?
— வாசகி, நச்சாந்துபட்டி

செய்யலாம், ஆனால் பழைய உறுதி வராது. உறையும்போது பழத்துக்குள் இருக்கும் நீர் பனித்துகள்களாகி உயிரணுச் சுவர்களைக் கிழித்துவிடுவதால், உருகியபின் துண்டு தளர்ந்து சாறு விடும். பலாச்சுளையைக் கொட்டை நீக்கி நீளவாக்கில் கீறி, மாம்பழத்தைத் துண்டாக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவைத்த பிறகே பெட்டியில் அள்ளி மூடுங்கள். அப்போது வேண்டிய அளவு மட்டும் எடுக்க வரும். சாலட்டில் சேர்க்கும்போது முழுதாக உருகவிடாமல், பல்லில் சற்றே நறுக்கென்று கடிபடும் பக்குவத்திலேயே கலந்து பரிமாறிவிட வேண்டும். தர்பூசணியையும் திராட்சையையும் இப்படி வைத்தால் பனித்துண்டு போல் அப்படியே வாயில் போட்டுக்கொள்ளலாம், சாலட்டுக்கு ஆகாது. ஒரு முறை உருகியதை மறுபடியும் உறையவைக்காதீர்கள். மிஞ்சினால் மாம்பழத்தைப் பாலோடு அரைத்துவிடுங்கள், பலாவைக் கொஞ்சம் நெய்யில் வதக்கி வெல்லம் சேர்த்துக் கிளறிவிடுங்கள்.